கம்பு மாவு ஏன் கசக்கிறது? பழி முழுவதும் ஒரே நொதிக்கா?

கேள்வி இதுதான்: “கம்பு மாவை அரைத்து வைத்தால் பத்து நாளில் கசக்கிறது, ஒரு மாதிரி வாடையும் வருகிறது. அரிசி மாவோ மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. லைப்பாக்சிஜனேஸ் என்கிற நொதி கொழுப்பு அமிலங்களில் ஆக்சிஜனை ஏற்றிக் கெடுக்கிறது என்று படித்தேன். அந்த நொதி தானியத்துக்குள் எதற்காக இருக்கிறது? வீட்டில் அதை எப்படி அடக்குவது?”

லைப்பாக்சிஜனேஸ் மேல் குற்றம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பு மாவு விஷயத்தில் அது கடைசியாக வந்து சேருகிற ஆள். அதற்கு முன்னால் கதவைத் திறந்து விடுகிறவன் வேறொருவன். அவனை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்தால் மாவு கசந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் கம்பையே பார்ப்போம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் கம்பில் கொழுப்பு ஏறக்குறைய 5.4 கிராம். கேழ்வரகில் 1.9, சோளத்தில் 1.7, தீட்டிய பச்சரிசியில் வெறும் 0.5. மக்காச்சோளம் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, 3.8. கம்புக்கு இவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றால், முளைக்கருவிலிருந்து. கோதுமை மணியின் எடையில் முளைக்கரு 2 முதல் 3 சதவீதம்தான். கம்பில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மணியோ மிகச் சிறியது, அரிசியைத் தீட்டுவது போல முளைக்கருவைத் தனியே உரித்தெடுக்க வழியில்லை. மிஷினில் போட்டால் எல்லாம் சேர்ந்துதான் மாவாகிறது. அரிசி மாவு கெடாமல் இருப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கெடக்கூடிய பகுதியை ஆலையிலேயே தவிடாக எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதே கம்பு முழு மணியாக இருந்தால் வருடக்கணக்கில் கிடக்கும், வண்டு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். காரணம், மணிக்குள் எண்ணெய் மிகச் சிறிய உருண்டைகளாகப் புரதத் தோல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நொதிகள் வேறு அறையில் இருக்கின்றன. நடுவே செல் சுவர்கள். அரைக்கிற கல் அந்தச் சுவர்களையெல்லாம் இடித்து எண்ணெயையும் நொதியையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. மிஷினிலிருந்து சூடாக மாவை வாங்குகிற நிமிடத்திலேயே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கதவு திறக்கிறவன் பெயர் லைப்பேஸ். எண்ணெய் என்பது ஒரு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த மூலக்கூறு. லைப்பேஸ் அந்தக் கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டி விடுகிறது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டாம். தண்ணீர் வேண்டும், அதுவும் மிகக் கொஞ்சம். காய்ந்ததாக நாம் நினைக்கிற மாவில் 10 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கிறது, லைப்பேஸுக்கு அது தாராளம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டேன், காற்றை உறிஞ்சிய பையில் அடைத்தேன், ஆனாலும் கெட்டுப்போனது என்று பலர் சொல்வதன் விளக்கம் இதுதான். வெட்டுகிறவன் காற்றைக் கேட்கவே இல்லை.

இப்போது லைப்பாக்சிஜனேஸ். இது உதிரியாகக் கிடக்கிற கொழுப்பு அமிலத்தைத்தான் விரும்பும். எல்லாக் கொழுப்பு அமிலத்தையும் தொடாது. சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு, நடுவில் ஒரு கார்பன், மறுபடியும் ஓர் இரட்டைப் பிணைப்பு என்ற அமைப்பு வேண்டும். லினோலியிக் அமிலத்திலும் லினோலெனிக் அமிலத்திலும் அது இருக்கிறது. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் கொண்ட ஒலியிக் அமிலத்தை இது சீண்டுவதில்லை. கம்பு எண்ணெயில் லினோலியிக் அமிலம்தான் மிக அதிகம் என்பதால் தீனிக்குக் குறைவில்லை.

நொதியின் நடுவில் ஒரே ஓர் இரும்பு அணு. ரத்தத்தில் ஹீமோகுளோபினில் இருப்பது போல ஹீம் வளையத்துக்குள் இல்லை, புரதமே நேராகப் பிடித்து வைத்திருக்கிற இரும்பு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கும் நடுவில் இருக்கிற கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை இந்த இரும்பு பிடுங்குகிறது. பிடுங்கிய இடம் தவிக்கிறது. காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரோபெராக்சைடு தயார். சங்கிலியின் 9ஆம் கார்பனில் ஒட்டினால் ஒரு பொருள், 13ஆம் கார்பனில் ஒட்டினால் இன்னொரு பொருள். எங்கே ஒட்டுவது என்பதை நொதியின் வகை தீர்மானிக்கிறது, பின்னால் வரும் வாடையும் அதைப் பொறுத்துத்தான்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நொதி முதலில் நன்றாகப் பிடிபட்டது தானியத்தில் அல்ல, சோயாவில். 1947இல் ஸ்வீடனில் தியோரெல் குழுவினர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அன்று அதன் பெயர் லைப்பாக்சிடேஸ். பிறகு 1990களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜூடித் கிளின்மன் குழு இதே சோயா நொதியில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தது. பிடுங்கப்படும் ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிட எடை கூடிய டியூட்டீரியத்தை வைத்தால் வேகம் குறையும், அது எதிர்பார்த்ததுதான். வழக்கமான வேதியியல் கணக்குப்படி ஏழு மடங்குக்குள் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ ஏறக்குறைய 80 மடங்கு. ஹைட்ரஜன் தடையின் மேல் ஏறிக் குதிக்கவில்லை, குவாண்டம் விதிப்படி தடைக்குள் புகுந்தே வந்துவிடுகிறது என்பதற்கு இன்றும் முதலில் காட்டுகிற எடுத்துக்காட்டு இதுதான். மாவைக் கசக்க வைக்கிற நொதிக்கு இப்படியும் ஒரு பெருமை.

சரி, மாவுக்கு வருவோம். லைப்பேஸ் போல இல்லாமல், லைப்பாக்சிஜனேஸுக்கு ஈரம் நிறைய வேண்டும். காய்ந்த மாவில் அது ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. முழுக் கோதுமை மாவில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்: சேமிப்பின்போது வாரக்கணக்கில் உதிரிக் கொழுப்பு அமிலம் குவிந்துகொண்டே போகிறது, பெரிய ஆக்சிஜனேற்றம் எதுவும் இல்லை. மாவில் தண்ணீர் ஊற்றிய உடனே ஆக்சிஜன் மளமளவென்று குடிக்கப்படுகிறது. பழைய மாவு என்றால் இன்னும் வேகமாக. எனவே டப்பாவைத் திறக்கும்போது மூக்குக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாத மாவு, பிசைந்து ரொட்டியாகத் தட்டிப் போட்ட பிறகு வாயில் கசந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வாரக்கணக்கில் லைப்பேஸ் அடுக்கி வைத்த விறகில் தண்ணீர்தான் நெருப்பு வைத்திருக்கிறது.

ஹைட்ரோபெராக்சைடோடு கதை முடிவதில்லை, அது நிலையற்றது. 13ஆம் இடத்தில் ஒட்டியது உடைந்தால் ஹெக்சனால், பச்சைப் புல்லை வெட்டினால் வருவதற்கு நெருக்கமான வாடை. 9ஆம் இடத்தில் ஒட்டியது உடைந்தால் நோனினால் வகைகள். உடையாமல் ஹைட்ராக்ஸி அமிலங்களாக மாறினால் கசப்பு. ஓட்ஸில் இது மிக மோசம். ஓட்ஸிலும் கொழுப்பு அதிகம், லைப்பேஸ் மணியின் வெளிப்பக்கத்திலேயே இருக்கிறது. எனவே ஓட்ஸ் ஆலைகளில் நசுக்குவதற்கு முன்பே நீராவியில் வேக வைத்துவிடுவார்கள். போதுமான அளவு வெந்ததா என்று பார்க்கப் பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியைச் சோதிப்பது வழக்கம். தானியத்தில் உள்ள நொதிகளில் சூட்டுக்கு எளிதில் அடங்காத முரடன் அது. அது செத்திருந்தால் மற்றவையும் செத்தன என்று எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் ஓட்ஸ் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இப்படித்தான்.

இனி, கம்பின் அந்த ‘ஒரு மாதிரி வாடை’. இதைப் பலரும் எண்ணெய் சிக்கு வாடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நன்றாக முகர்ந்து பாருங்கள், பழைய தேங்காய் எண்ணெயின் காறல் வாடைபோல அது இருக்காது. எலிப் பொந்து வாடை என்றால் சரியாக இருக்கும். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் எலியைத்தான் சொல்கிறார்கள்! அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹோசனியின் குழு 1986இல் இதைத் துருவிப் பார்த்து, இந்த வாடையின் மூலம் கொழுப்பு அல்ல, கம்புக்கு அந்தச் சாம்பல் பச்சை நிறத்தைத் தருகிற ஃபிளேவோன் நிறமிகள் என்று காட்டியது. நொதிகளும் ஈரமும் சேர்ந்து அந்த நிறமிகளில் வேலை செய்யும்போது வாடை பிறக்கிறது, லைப்பாக்சிஜனேஸுக்கு அதில் பங்கில்லை. ஆக, உங்கள் மாவில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கசப்பு கொழுப்பு வழியாக வருகிறது, எலி வாடை நிறமி வழியாக. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நொதி. அதனால்தான் கடைசியில் மருந்தும் ஒன்றாகவே அமைகிறது.

இவ்வளவு தொல்லை தருகிற நொதியைத் தானியம் எதற்காகச் சுமக்கிறது? நமக்காக அல்ல என்பது முதல் பதில். இலையில் 13ஆம் இட வகை நொதிதான் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாவதில் முதல் படி. புழு கடித்தால் செடி முழுக்க எச்சரிக்கை அனுப்புகிற ஹார்மோன் அது. புல்வெளியில் வெட்டும்போது எழுகிற பச்சை வாசம்கூட இதே பாதையின் கிளைதான். தானிய மணியில் 9ஆம் இட வகை அதிகம், பூஞ்சையோடு நடக்கிற சண்டையில் அதற்கு வேலை. இந்தச் சண்டை நேர்கோட்டில் போவதில்லை. மக்காச்சோளத்தில் லாக்ஸ்3 (லாக்ஸ் என்பது லைப்பாக்சிஜனேஸின் சுருக்கப் பெயர்) என்ற மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். ஃபியூசேரியம் பூஞ்சை அந்தச் செடிகளை எளிதில் பிடிக்கவில்லை, நல்ல செய்தி. ஆனால் அஃப்ளடாக்சின் நஞ்சைச் சுரக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் அதே செடிகளில் முன்பைவிட நன்றாக வளர்ந்தது. ஒரு திருடனுக்குப் பூட்டு போட்டால் இன்னொருவனுக்குக் கதவு திறக்கிறது. நொதியே இல்லாத ரகம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று துள்ளுகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

கொழுப்பு அமில ஆக்சிஜனேற்றம் என்று தேடினால் பீட்டா ஆக்சிஜனேற்றம் என்று ஒன்று வந்து குழப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். அது வேறு விவகாரம். விதை முளைக்கும்போது எண்ணெயை இரண்டிரண்டு கார்பனாக வெட்டிச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிற பாதை. கிளையாக்சிசோம் என்ற நுண்ணுறுப்புக்குள் நடக்கிறது, 1967இல் ஆமணக்கு விதையில் கண்டுபிடித்தார்கள். அது உயிருள்ள விதையின் சமையலறை. மாவு டப்பாவில் அதற்கு வேலை இல்லை.

இந்த நொதி இல்லாத ரகங்களை உருவாக்குவதில் மும்முரமாகக் காரியம் நடந்தது பீருக்காகத்தான், சோற்றுக்காக அல்ல. பழைய பீரில் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வரும். அதன் காரணம் நோனினால் என்று 1970 வாக்கில் தெரிந்துவிட்டது. ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். மூலம் பார்லியின் லாக்ஸ்-1. பின்னாளில் பீர் நிறுவனங்களான ஜப்பானின் சப்போரோ ஒரு பக்கம், கார்ல்ஸ்பெர்க்கும் ஹைனகனும் இன்னொரு பக்கம், இந்த நொதி இல்லாத பார்லி ரகங்களை உருவாக்கினார்கள். பணம் இருக்கிற இடத்தில் ஆராய்ச்சியும் ஓடுகிறது, என்ன செய்ய.

அரிசியிலும் ஒரு நல்ல கதை உண்டு. தாய்லாந்தின் டா டாம் என்ற அரிசி ரகத்தில் லாக்ஸ்-3 இயற்கையாகவே இல்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1990களில் இதைக் கண்டபோது மிகவும் மகிழ்ந்தார்கள். சேமித்து வைத்த அரிசியில் வருகிற பழைய வாடை இந்த நொதி இல்லாவிட்டால் குறைகிறது. ஜப்பானியருக்குப் புது அரிசிதான் உயர்வு, பழைய அரிசியின் வாடைக்கு அங்கே தனிப் பெயரே உண்டு. நம் ஊரில் தலைகீழ். புது அரிசி குழையும், பழைய அரிசிதான் உதிரியாக வேகும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த வாடை நம் மூக்குக்குக் குற்றமாகப் படுவதில்லை.

கோதுமைக்குப் போனால் இதே நொதி நல்லவனாகவும் ஆகிவிடுகிறது. கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜனை ஏற்றும்போது பக்கத்தில் இருக்கிற மஞ்சள் கரோட்டினாய்டு நிறமிகளையும் சேர்த்து வெளுத்துவிடும். வேக வைக்காத சோயா மாவைக் கொஞ்சம் கலந்து பிசைந்தால் ரொட்டி வெள்ளை வெளேரென்று வரும் என்று 1934இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பாஸ்தா செய்கிறவர்களுக்கோ அந்த மஞ்சள்தான் உயிர். அவர்கள் இந்த நொதி குறைந்த டியூரம் கோதுமை ரகங்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள்.

இப்போது அடக்கும் வழி. அதற்கான பாடம் நம்மூர் ரைஸ் மில்லிலேயே இருக்கிறது. பச்சரிசித் தவிட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம். தீட்டிய நொடியிலிருந்து அதில் லைப்பேஸ் பாய்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் உதிரி அமிலம் ஒரே நாளில் 5 முதல் 7 சதவீதம்வரை ஏறிவிடும். தவிட்டு எண்ணெய் எடுக்கிறவர்கள் சில மணி நேரத்துக்குள் அதைச் சூடாக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சமையலுக்கு ஆகாது. புழுங்கல் அரிசித் தவிட்டில் இந்த அவசரம் இல்லை. நெல்லாக இருக்கும்போதே ஊற வைத்து ஆவியில் அவித்ததால், சுவர்கள் இடிபடும் முன்பே லைப்பேஸ் செத்துவிட்டது. உடைப்பதற்கு முன் ஈரச்சூடு. சூத்திரம் இவ்வளவுதான்.

கம்புக்கும் அதையே செய்யலாம். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, கம்பைத் துணியில் முடிந்து அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே வடித்துப் பரப்பி நன்றாகக் காய வைத்து, அப்புறம் அரைக்க வேண்டும். தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், கம்பைப் போட்டதும் கொதி அடங்கிவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். உணவுத் தொழில்நுட்ப ஆய்வுகளில் 98 டிகிரியில் 10 முதல் 30 நொடி என்பது திரும்பத் திரும்ப வருகிற அளவு. மாவு வாரக்கணக்கில் கூடுதலாகத் தாங்கும். காய வைப்பதில் சோம்பல்பட்டால் பூஞ்சை பிடிக்கும், அது கசப்பைவிட ஆபத்து.

வறுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வறுப்பதும் உதவும், ஆனால் ஈரச்சூடு அளவுக்கு இல்லை. காய்ந்த நிலையில் நொதிகள் சூட்டை நன்றாகத் தாங்கும். அவற்றைச் சாகடிக்கும் அளவுக்கு வறுத்தால் மணியில் இருக்கிற இயற்கைப் பாதுகாப்புப் பொருள்களும் போய்விடும். பிறகு நொதியே இல்லாமல் காற்றே எண்ணெயைக் காற வைக்கும். புழுங்கல் தவிட்டுக்கும் கொஞ்சம் இந்தத் தொல்லை உண்டு. அதனால் வறுத்து அரைத்த மாவுக்குத்தான் காற்றுப் புகாத டப்பா உண்மையில் பயன்படும், பச்சையாக அரைத்த மாவுக்கு அல்ல. சத்துமாவுக்காகக் கம்பை முளைகட்டுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். முளைக்கும்போது லைப்பேஸ் பெருகுகிறது. முளைகட்டி வெறுமனே வெயிலில் காய வைத்து அரைத்தால் சீக்கிரம் கசக்கும், நன்றாக வறுத்த பிறகுதான் அரைக்க வேண்டும்.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் லைப்பேஸ் மெதுவாகும், நிற்காது. ஊரில் கம்பை அன்றன்றைக்கு உரலில் இடித்துப் புடைத்து அன்றே சோறாக்கினார்கள் அல்லது கூழாகக் கரைத்தார்கள். லைப்பேஸ் பெயர் அவர்களுக்குத் தெரியாது, அதற்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. ஹைதராபாத் அருகே பதான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் லைப்பேஸ் மரபணுக்கள் பழுதான கம்பு வரிசைகளை அடையாளம் கண்டு, அவற்றின் மாவு சீக்கிரம் கெடுவதில்லை என்று 2022இல் வெளியிட்டிருக்கிறார்கள். கவனித்தீர்களா, அவர்களும் கை வைத்தது லைப்பேஸில்தான், லைப்பாக்சிஜனேஸில் அல்ல.

ஏற்கெனவே கசந்துபோன மாவை வறுத்தால் சரியாகுமா என்று அடுத்து வரும் கேள்விக்கும் இப்போதே பதில்: ஆகாது. வாடையில் கொஞ்சம் பறந்து போகும். கசப்பைத் தருகிற ஹைட்ராக்ஸி அமிலங்கள் ஆவியாகிற பொருள்கள் அல்ல, வாணலியிலும் அப்படியே இருக்கும்.